அடிப்பிடிக்காமல்

வண்டி வாசலில் வந்து நின்ற பிறகும் அப்பா இறங்கமாட்டார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவார், கைப்பிரேக்கை இழுப்பார், பிறகு இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். இன்ஜின் ஸ்லோ ஸ்பீடில் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டைத் திறந்து பிடித்தபடி அம்மா நிற்பாள். "ஏனுங்க, ஊட்டுக்குள்ள வர்றதுக்கு நல்ல நேரம் பாக்கறீங்களா?" என்பாள். அப்பா ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். ஒரு நிமிஷம். பொள்ளாச்சி ரோட்டில் விரட்டிக்கொண்டு வந்த நாளென்றால் இரண்டு விரல்.

பின்சீட்டில் பள்ளிக்கூடப் பையோடு நான். அவருக்கு வீட்டுக்குள் வரவே பிடிக்கவில்லையோ என்று எனக்கு அந்த வயதில் ஒரு சந்தேகம் இருந்தது.

அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது 2006இல். டர்போ வைத்த டீசல் கார். பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த மாடலைச் செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய ஈரம் காயும் முன்பே அப்பா பானெட்டைத் தூக்கிவிட்டார். "இதா பாரு அம்முணி, நத்தையாட்டம் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குது பாரு" என்று உள்ளே காட்டினார். இன்ஜினின் விலாவில் சுருண்டு கிடந்த அந்த வார்ப்பு நிஜமாகவே நத்தை ஓடு மாதிரிதான் இருந்தது. பெரிய நத்தையின் முதுகில் சின்ன நத்தை.

அது என்ன செய்கிறது என்று கேட்டேன். அப்பா படித்தது பத்தாவது. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்து, மோட்டார் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் புத்தகத்திலிருந்து எதையும் சொல்லமாட்டார். "நம்ம அப்பாரு கரும்பாலை வெச்சிருந்தாருல்ல? பாகு காச்சறதுக்கு வெறகு வெளிய வாங்குனாரா?"

"இல்லீங்கப்பா. சக்கையக் காயவெச்சுப் போடுவாங்க."

"அதேதான். சாறு புழிஞ்ச சக்கைதான் இந்தப் பொகை. அதைச் சும்மா வெளிய விடாம, அதை வெச்சே ஒரு சக்கரத்தச் சுத்த வெச்சிருக்கான். அதே தண்டுல அந்தப் பக்கம் இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்த இழுத்து அமுக்கி உள்ள திணிக்கும். காத்து கூடுச்சுன்னா டீசலக் கூடப் போட்டு எரிக்கலாம். சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் வேலையச் செய்யும்."

பிற்பாடு நான் எவ்வளவோ படித்தேன். எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது என்பதைக் கண்டு பொறுக்காமல், ஆல்ஃபிரட் ப்யூகி என்ற சுவிஸ் நாட்டு இன்ஜினியர் 1905இல் இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். அது உருப்படியாக ஓடிக் காட்ட மேலும் இருபது வருஷம் ஆனது. ப்யூகியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணில் வருவது சக்கை அள்ளிப் போடும் எங்கள் தாத்தா, அப்பாருதான்.

ஆலைக் கொட்டகையில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது நெருப்பு அணைந்த பிறகு நடந்தது. பாகு பதம் வந்ததும் அடுப்பில் சக்கை போடுவதை நிறுத்திவிடுவார்கள். ஆனால் துடுப்பு நிற்காது. கொப்பரையைத் தூக்கிச் சாய்க்கிற வரைக்கும் ஒருவர் சுற்றிச் சுற்றித் துழாவிக்கொண்டே இருப்பார். "நெருப்புத்தான் போயிருச்சுல்ல, இன்னும் ஏனுங்க அப்பாரு கிண்டறாங்க?" என்று கேட்டதற்கு, "நெருப்புப் போச்சு கண்ணு, சூடு போகுலயே. நிறுத்துனா அடிப்பிடிச்சுக்கும்" என்றார்.

அப்பாவின் ஒரு விரலுக்கு அர்த்தம் இதுதான். எனக்கு அது புரிய நாலைந்து வருஷம் ஆனது. அந்த நத்தைக்குள் இருக்கிற தண்டு, வண்டி இழுத்து ஓடும்போது நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்றுச் சுற்றும். அப்பாவின் லேத் ஆயிரத்தைத் தொட்டாலே பக்கத்தில் நிற்கப் பயமாக இருக்கும். இவ்வளவு வேகத்துக்குக் குண்டு பேரிங் எதுவும் கிடையாது, எங்கள் வண்டியில். வழுவழுப்பான புஷ்ஷுக்குள் ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் அந்தத் தண்டு மிதக்கிறது. ஒரு பக்கம் அறுநூறு, எழுநூறு டிகிரிப் புகை, மறுபக்கம் வெளிக்காற்று, நடுவில் ஆயில். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தால் ஆயில் பம்பும் நின்றுபோகும். சூடு மட்டும் அங்கேயே இருக்கும். நின்றுபோன ஆயில் அந்தச் சூட்டில் தீய்ந்து கரியாகி ஒட்டிக்கொள்ளும். ஒரு நிமிஷம் ஸ்லோ ஸ்பீடில் ஓடவிட்டால் புது ஆயில் வந்து வந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகும். துடுப்புப் போடுவதுதான்.

அவசரக்காரர்களுக்கு டர்போ சரிப்பட்டு வந்ததே இல்லை. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்று ஒரு கார் வந்தது, டர்போ வைத்து விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித்தொட்டியில் ஊற்றி வைக்கவேண்டும். ஊற்றினால் வண்டி பறக்கும், தீர்ந்தால் டர்போ வேலை செய்யாது. அதை ஊற்றப் பலருக்கும் மறந்துபோனது. கடைசியில் நிறைய வண்டிகளில் டர்போவையே கழற்றிப் போட்டுவிட்டுச் சாதாரணக் கார்ப்ரேட்டரை மாட்டிக்கொண்டார்கள். அப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தறமல்ல, அது மறக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் எதையும் மறக்கமாட்டார். கையேட்டில் ஆயில் மாற்றும் கணக்கு பத்தாயிரம் கிலோமீட்டர். அப்பா ஐயாயிரத்துக்கு ஒருமுறை மாற்றினார். வீண்செலவு என்று மாமா கேலி செய்வார். அந்தக் காலத்து டீசலில் கந்தகம் அதிகம். கந்தகம் குறைந்த பிஎஸ் 3 எரிபொருள் 2005இல் பெருநகரங்களுக்குத்தான் வந்தது, எங்களைப் போன்ற ஊர்களுக்கு 2010 ஆகிவிட்டது. கந்தகம் எரிந்து ஆயிலைப் புளிக்கவைக்கும் என்பது அப்பாவுக்கு வேறு விதத்தில் தெரிந்திருந்தது. டிப்ஸ்டிக்கை உருவி, நுனி ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, முகர்ந்து பார்ப்பார். "செத்துப்போச்சு" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு வாசனை உண்டு. வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்து, கீழே ஒரு பழைய பேசினை வைத்து டிரெயின் நட்டைத் திருகுவோம். கறுப்பு ஆயில் சூடாக, கயிறு மாதிரி இறங்கும். கடைசியில் சொட்டுச் சொட்டாக. அந்தச் சொட்டுகள் தீரும்வரை அப்பா டீ குடிப்பார். துடைக்க ஒரு சாக்கு நிறையப் பனியன் வேஸ்ட் இருக்கும், திருப்பூரிலிருந்து எடைக்கு வருவது. எந்த நாட்டுக்கோ ஏற்றுமதியாகவேண்டிய சட்டையின் துண்டுகள். ஒரு துண்டில் பாதி டைனோசர் இருக்கும், இன்னொன்றில் ஏதோ ஒரு கால்பந்துக் குழுவின் வால் எழுத்து. நான் அவற்றைச் சேர்த்து ஒரு முழு டைனோசர் செய்யப் பார்ப்பேன். ஒருமுறைகூட முடிந்ததில்லை.

கைக்கறை போக அரப்பு. சோப்பை அப்பா நம்பமாட்டார். முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு அரப்புத்தூள் போட்டுக் கசக்கினால் நகக்கண் வரைக்கும் வெளுத்துவிடும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அம்மா இடித்து வைத்த அரப்பு ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துபோகும். "ஊர்ல பொண்ணுக தலைக்குத் தேக்கும். என்ற பொண்ணு வண்டிக்குத் தேக்குது" என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வாள். குறை சொல்வதுபோல் இருக்கும், ஆனால் யார் வந்தாலும் சொல்வாள்.

அம்மாவின் அடுப்படியும் தப்பவில்லை. டர்போவுக்கு ஆயில் போகும் மெல்லிய குழாயின் இரண்டு முனையிலும் செம்பு வாஷர்கள் இருக்கும். ஒருமுறை இறுக்கிவிட்டால் நசுங்கிக் கெட்டியாகிவிடும்; அதையே திரும்பப் போட்டால் கசியும். புதுசுதான் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை ஏது? அப்பா பழைய வாஷரை ஒரு கம்பியில் கோத்து காஸ் அடுப்பில் காட்டுவார். முதலில் வானவில் மாதிரி நிறம் ஓடும், பிறகு கறுக்கும், பிறகு கோவைப்பழமாகச் சிவக்கும். அப்போது சொம்புத் தண்ணீருக்குள் போடுவார். சுர்ரென்று ஒரு சத்தம். "உருக்கச் சுட்டுத் தண்ணியில போட்டா கெட்டியாகும். செம்பச் சுட்டுத் தண்ணியில போட்டா எளகும்" என்பார். மேலே படிந்த கறுப்பைப் புளி வைத்துத் தேய்ப்பது என் வேலை. தேய்த்ததும் சின்ன மோதிரம்போல மின்னும். ஒன்றை விரலில் போட்டுப் பார்த்தேன், சுண்டுவிரலுக்குச் சரியாக இருந்தது.

புளி என்றதும் வால்பாறை ஞாபகம் வருகிறது. கட்டுச்சோற்று மூட்டையில் புளிச்சோறு. 2014 என்று நினைக்கிறேன். ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பித்தால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஒன்பதாவதில் நின்று அணையைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டோம்; மேலே பாறையில் ஒரு வரையாடு எங்களை மதிக்காமல் மென்றுகொண்டிருந்தது. பதினைந்து தாண்டியிருக்கும், டப்பென்று ஒரு சத்தம். டயர் என்றாள் அம்மா. டயர் இல்லை. வண்டி ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் கரும்புகை மட்டும் வருகிறது. அப்பா ஓரங்கட்டினார். அப்போதும் ஒரு நிமிஷம் விட்டுத்தான் அணைத்தார்.

காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், கிளிப் கடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வாய் பிளந்திருந்தது. எட்டு வருஷச் சூட்டுக்கும் ஆயில் ஆவிக்கும் ரப்பர் பொருக்குத் தட்டிப்போயிருந்தது. டர்போ அமுக்கிக் கொடுத்த காற்றெல்லாம் அந்த வாய் வழியாக மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. டீசல் மட்டும் பழைய கணக்கில் உள்ளே விழ, எரியக் காற்றில்லாமல் கரும்புகை. அப்பா டிக்கியிலிருந்து ஒரு பழைய சைக்கிள் டியூபை எடுத்தார். பிளேடால் நீளவாக்கில் நாடாவாகக் கிழித்து, பிளவின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றினார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். மேலே கட்டுக்கம்பி. "பாம்புக்குக் கட்டுப் போட்டாச்சு" என்றார். வால்பாறை போய், இரவு தங்கி, கோவை திரும்பி, மறுநாள் உக்கடத்தில் வேறு ஹோஸ் வாங்கும் வரை அந்தக் கட்டு நின்றது.

அந்த மலைப்பாதையில் டர்போவின் சீழ்க்கை தனியாகத் தெரியும். சமவெளியில் மற்ற சத்தங்களில் கரைந்துபோகும். மலையில் பாறை அதைத் திருப்பிக் கொடுக்கும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் நம் கீழ்நாட்டு அளவில் முக்கால் பங்குக்குச் சற்று மேலேதான். சாதாரண இன்ஜின் அங்கே மூச்சு வாங்கும். 1918இல் சான்ஃபோர்ட் மோஸ் என்ற அமெரிக்க இன்ஜினியர் இதைச் சோதிப்பதற்காகவே ஒரு விமான இன்ஜினை லாரியில் ஏற்றிக்கொண்டு, கொலராடோவில் பதினாலாயிரம் அடி உயரத்துப் பைக்ஸ் பீக் சிகரத்துக்குப் போனார். டர்போ வைத்தால் அந்த மெல்லிய காற்றிலும் இன்ஜின் பலம் குறையவில்லை என்று காட்டினார். மலை ஏறும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு அப்பா அந்தச் சீழ்க்கையைக் கேட்டுக்கொண்டே வருவார். பாட்டுப் போடவிடமாட்டார். சுருதி ஒரு இழை மாறினாலும் தலையைச் சாய்ப்பார். அவருக்குப் பட்டறை கற்றுக்கொடுத்த காது அது. கடைசல் உளி மழுங்குவதைக் கண்ணால் பார்க்கும் முன் காதால் கேட்கிறவர்.

பட்டறையை 2018இல் மூடினார். ஆர்டர் குறைந்துகொண்டே வந்து, ஒரு வெள்ளிக்கிழமை லேத்தை எடைக்கணக்கில் ஏற்றிவிட்டார். திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல எட்டு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷம் ஓடிய மனிதர், இடையில் ஒரு நாள்கூட இல்லாமல் நின்றார். அந்த வருஷம் அவர் யாரோடும் அதிகம் பேசவில்லை. நாங்களும் பேசாமல் இருக்கிறார் என்றுதான் நினைத்தோம். காது போயிருந்தது. டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார்: கீழ்ச்சுருதியெல்லாம் பரவாயில்லை, மேற்சுருதியில் கோடு செங்குத்தாக இறங்கியிருந்தது. பட்டறைச் சத்தத்திலேயே இருந்தவர்களுக்கு இப்படித்தான் போகுமாம். இடி கேட்கும், இன்ஜின் உறுமல் கேட்கும். குயில் கேட்காது.

சீழ்க்கை கேட்காது.

"விசில் சரியா வருதா அம்முணி?" என்று அவர் என்னைக் கேட்க ஆரம்பித்தது அப்போதுதான். வருதுங்கப்பா என்பேன். எப்படி வருகிறது என்று அவருக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இருக்காது. வாயைக் குவித்து ஊதிக் காட்டுவேன். அதுவும் அவருக்குக் கேட்காது.

2021இல் வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும் நேரத்தில்தான் காலையில் நீலப்புகை வரத் தொடங்கியது. சீழ்க்கையிலும் ஒரு முனகல் சேர்ந்திருந்தது. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் வண்டிக்கு அடியில்கூடப் போய்ப் பார்க்காமல் டர்போவையே மாற்றவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு வண்டியையே விற்றாலும் போதாது. வீட்டிலேயே கழற்றினோம். துருவேறிய நட்டுகளுக்கு முந்தின இரவே ஆயில் விட்டு ஊறவைத்தும், ஒரு ஸ்டட் பாதியில் ஒடிந்தது. ஒடிந்த முனையில் ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருகி எடுத்தோம்.

டர்போவைக் கையில் வாங்கி, காற்றைத் திணிக்கும் சக்கரத்தின் மூக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து அசைத்துப் பார்த்தார் அப்பா. பக்கவாட்டில் ஒரு மயிரிழை அசைவு இருக்கலாம், அது ஆயில் படலத்துக்கான இடம். முன்னும் பின்னும் கையில் படுகிற அளவுக்கு அசையக்கூடாது. அசைந்தது. ஆனால் அவர் டர்போவை ஓரமாக வைத்துவிட்டு, அதற்கு ஆயில் கொண்டுவரும் குழாயை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். ஊசிமுனை அளவு வெளிச்சம்தான் தெரிந்தது. உள்ளே கரி. "டர்போ சாகுல. பட்டினி போட்டுக் கொன்னிருக்கறோம்" என்றார். புது டர்போவை வாங்கி இந்தக் குழாயிலேயே மாட்டியிருந்தால் அதுவும் சில மாதங்களில் செத்திருக்கும்.

எப்படி அடைத்தது? நிமிஷக் கணக்குத் தவறாத மனிதரின் வண்டியில்? நான் பதில் சொல்லவில்லை. அந்த மூன்று வருஷமாக வண்டியை அதிகம் ஓட்டியது நான்தான். ஆபீஸ் வாசலில் மணி பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்பியவள். அப்பாவும் கேட்கவில்லை. புதுக்குழாய் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான்.

ஒடிந்த ஸ்டட்டுக்கு மாற்றுக் கடைய இன்னொருவர் பட்டறைக்குப் போகவேண்டியிருந்தது. ஒடிந்த துண்டைப் பனியன் வேஸ்ட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அப்பா வாசலில், மற்ற வாடிக்கையாளர்களைப்போல, ஓரமாக நின்றார். லேத்தில் இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மரை வெட்டி நீட்டினான். அப்பா நகத்தால் மரையை வருடிப் பார்த்து, "இன்னும் அரைச் சுத்து உள்ள போவோணும் தம்பி" என்றார். பையன் அவரை ஒரு கணம் பார்த்தான். "நீங்களே புடிங்கய்யா" என்று நகர்ந்துகொண்டான். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றார். ஒரு கை சக்கரப்பிடியில். இன்னொரு கையை லேத்தின் தலைப்பெட்டி மேல், காய்ச்சல் பார்ப்பதுபோல் விரித்து வைத்தார். அதற்கு முன் பட்டறையில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. காது சொன்னதை இப்போது உள்ளங்கை சொல்லிக்கொண்டிருந்தது.

டர்போவுக்குள் புது புஷ் போட்டு, பேலன்ஸ் பார்த்து வாங்கிவந்து மாட்டினோம். ஆயில் துளையில் கரண்டியால் ஆயில் விட்டு, விரலால் சக்கரத்தைச் சுற்றி நனையவிட்டோம். இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் பிடிக்காதபடி செல்ஃபை மட்டும் அடித்து, ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்தோம். காய்ந்த தண்டு ஒரு சுற்றுக்கூடச் சுற்றக்கூடாது. அந்த வாரமே இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து, ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார். அந்த ஐந்து வருஷமும் இந்த 2026இல் முடிகிறது. மறுபடி புகைச் சான்று, மறுபடி வரிசை. விற்றுவிடலாமே என்று மாமா இப்போதும் சொல்கிறார்.

நேற்று மருந்துக்கடை வரைக்கும் போய்வந்தேன். அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. டர்போ விழித்துக்கூடப் பார்த்திருக்காது. கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு அப்பா நின்றார். வண்டி உள்ளே வந்ததும் பானெட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அடுப்படி ஜன்னலிலிருந்து அம்மா எதையோ சொன்னாள், அது அவருக்குக் கேட்கவில்லை.

பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.